எந்தப் புத்தகத்தை யார் கையில் கொடுப்பது?

நூலகப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தென்மாவட்டக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பதிவேடு எழுதுவது, இருப்புச் சரிபார்ப்பது, சந்தாக் கணக்கு வைப்பது, வகைப்பாட்டு எண் போடுவது எல்லாம் உங்களுக்குப் படிப்பிலும் பயிற்சியிலும் வந்துவிடும். "சார், நல்லதா ஒரு புக் குடுங்க" என்று ஒருவர் மேசைக்கு எதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பது எந்தப் பாடத்திலும் வராது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எண் போட்டிருப்பது திரும்ப எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. பதில் சொல்வதற்கு முன் கேளுங்கள்.

"எந்த மாதிரி புக் வேணும்?" என்று கேட்காதீர்கள். பலருக்கு அதற்குப் பதில் தெரியாது. சங்கடப்பட்டு, "எதுனாலும் பரவாயில்ல" என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "கடைசியா விரும்பிப் படிச்சது எது?" என்று கேளுங்கள். "பாதியில வச்சது எது?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் விஷயம் அதிகம் இருக்கும்.

தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மா, நல்ல பேர் வாங்கிய நாவல் ஒன்றை எடுத்துப்போய் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "நல்லாத்தான் சார் எழுதியிருக்காரு. ஆனா ஆள் மாத்தி ஆள் செத்துக்கிட்டே இருக்காங்க. எங்க வீட்டுல இப்பத்தான் ஒரு சாவு விழுந்துச்சு" என்றார். கேட்டிராவிட்டால் அவருக்குக் கனமான நாவல் ஒத்துவராது என்று நினைத்திருப்பேன். ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' எடுத்துக் கொடுத்தேன். அதுவரை கதையைத் தவிர வேறெதையும் தொடாதவர். அடுத்த முறை வந்தபோது, "இவரு வேற எங்கெல்லாம் போயிருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். காந்தியைப் பற்றிப் படம் எடுக்க உலகமெல்லாம் அலைந்து, 1940-இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர் செட்டியார் என்று சொன்னதும், அதைப் பற்றிய புத்தகம் உண்டா என்றார். இருந்தது.

2. உங்கள் ரசனை உங்கள் வீட்டு அலமாரிக்கு.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார். பல நாடுகளில் நூலகப் படிப்பில் இன்றும் அது பாடமாக இருக்கிறது. தேர்வுக்காக நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். வேலையில் சேர்ந்த பிறகு அதை இன்னொரு தடவை மெதுவாகப் படியுங்கள். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் என்கிறது இரண்டாவது விதி. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் என்கிறது மூன்றாவது. நூலகருக்குப் பிடித்த நூலைப் பற்றி ஐந்தில் ஒன்றும் பேசவில்லை.

3. எந்த எழுத்தாளரையும் வாசகர் எதிரில் மட்டம் தட்டாதீர்கள்.

ரமணிசந்திரன் கேட்டு வருபவரிடம் முகம் சுளித்தால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். அவர் படிக்கிறவர். பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் உலை கொதிக்கும்போதும் படிக்கிறவர். அந்தப் பழக்கம் சாதாரணமானதல்ல. அவர் கேட்டதைக் கொடுங்கள். கூடவே லக்ஷ்மியின் 'ஒரு காவிரியைப் போல' நாவலை வைத்துக் கொடுங்கள். குடும்பக் கதைதான், ஆனால் தென்னாப்பிரிக்க வாழ்க்கை உள்ளே வரும். அது பிடித்திருந்தால் ராஜம் கிருஷ்ணன், பிறகு ஆர். சூடாமணியின் சிறுகதைகள், பிறகு அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. எல்லாரும் அம்பை வரை வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலர் லக்ஷ்மியிலேயே நின்று, அவர் எழுதிய அத்தனையையும் படித்து முடிப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

ராஜேஷ்குமார் வாசகருக்குப் பூமணியின் 'வெக்கை'. முதல் பக்கத்திலேயே ஒரு வெட்டு விழுகிறது. சின்னப் பையன் ஓடுகிறான், தகப்பன் கூடப் போகிறான். துப்பறியும் கதை படித்துப் பழகியவர் அதைக் கீழே வைக்கமாட்டார்.

4. பொருளைப் பிடித்துக்கொண்டு கதையிலிருந்து கட்டுரைக்கும், கட்டுரையிலிருந்து கதைக்கும் தாண்ட வையுங்கள்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நம் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். "கதையெல்லாம் பொய் சார், வரலாறு இருந்தா குடுங்க" என்பவர்கள் ஒரு பக்கம். "கட்டுரை போரடிக்கும் சார்" என்பவர்கள் இன்னொரு பக்கம். அலமாரிகளும் அப்படித்தான் எதிரெதிர் சுவரில் நிற்கின்றன. எழுத்து வகையைச் சொல்லி இவர்களை அழைத்தால் நகரமாட்டார்கள். பொருளைச் சொல்லி அழைத்தால் வருவார்கள்.

உப்பை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளோடு பழகி, பார்த்து, விசாரித்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவல் 'கரிப்பு மணிகள்'. உப்பு நீரில் நின்று புண்ணாகும் கால்கள், வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து பாழாக்கும் கண்கள், பெண்கள் மீது கங்காணிகள் நடத்தும் அதிகாரம் எல்லாம் அதில் உண்டு. ஆ. சிவசுப்பிரமணியனின் 'உப்பிட்டவரை' தமிழ்ப் பண்பாட்டில் உப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆய்வு நூல். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள். நாவலை எடுத்தவர் அதன் நாயகி பொன்னாச்சியின் கதை முடிந்த ஏக்கத்தில் ஆய்வு நூலைப் புரட்டுவார். ஆய்வு நூலை எடுத்தவருக்கு, இவ்வளவு வரலாறு உள்ள பொருளை இன்றைக்கு வாருகிற ஆள் யார் என்ற கேள்வி வரும். பதில் நாவலில் இருக்கிறது. மூன்றாவதாகத் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. தண்ணீர், உப்பு, எண்ணெய் என்று நாம் தினமும் கையாளுகிறவற்றைப் பற்றிச் சின்னச் சின்னக் கட்டுரைகள். கட்டுரை என்றாலே ஒதுங்குகிறவரும் நின்ற நிலையிலேயே இரண்டு பக்கம் படித்துவிடுவார்.

சினிமாப் பைத்தியம் உள்ள பையன் ஒருவன் எல்லா ஊரிலும் இருப்பான். அவனுக்கு அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' கொடுங்கள். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் எழுதியது. திரையில் முகம் தெரியாத ஆட்களின் பாடு அதில் இருக்கிறது. கூடவே சு. தியடோர் பாஸ்கரனின் 'எம் தமிழர் செய்த படம்'. அந்தப் பையன் தியடோர் பாஸ்கரனைப் பிடித்துக்கொண்டானானால், அவர் கானுயிர் பற்றியும் எழுதியிருக்கிறார் என்று 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' நூலைக் காட்டுங்கள். அங்கிருந்து, அவர் தொகுத்த மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. அந்தக் கிருஷ்ணனின் தகப்பனார்தான் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. சினிமாவில் தொடங்கியவன் தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றுக்கு வந்து நிற்பான். வழியில் எதையும் பாடமாக நினைத்திருக்கமாட்டான்.

சோழர், பல்லவர் கதைகளுக்கும் இதுவே வழி. 'சிவகாமியின் சபதம்' முடித்தவரிடம் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மகேந்திரவர்மன்', 'நரசிம்மவர்மன்' நூல்களைக் கொடுங்கள். 'பொன்னியின் செல்வன்' முடித்தவருக்கு நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்'. அது கனமான நூல். முழுவதும் படிக்கச் சொல்லாதீர்கள். முதலாம் ராஜராஜனைப் பற்றிய பகுதியை விரித்துக் கையில் கொடுங்கள். கல்வெட்டு சொல்வது எவ்வளவு, கல்கி கற்பனையாகச் சேர்த்தது எவ்வளவு என்று அவரே ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், உங்கள் நூலகத்தில் ஒரு வரலாற்று மாணவர் உருவாகிவிட்டார்.

சுஜாதா இந்த வேலையைத் தனியாளாகவே செய்து வைத்திருக்கிறார். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' பிடித்தவருக்கு 'ஏன்? எதற்கு? எப்படி?' கொடுத்தால் போதும்.

5. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை விட்டுவிடாதீர்கள்.

'அசுரன்' வந்த 2019-இல் 'வெக்கை' கேட்டு வந்தவர்களில் பலர் அதற்கு முன் நாவல் வாசித்ததில்லை. 'பரதேசி' பார்த்தவருக்கு 'எரியும் பனிக்காடு': தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். 'விசாரணை' பார்த்தவருக்கு 'லாக்கப்': ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் தாம் பட்டதை எழுதியது. 'உதிரிப்பூக்கள்' நினைவுள்ள பெரியவருக்குப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. புதிய படம் வந்ததும் அதன் மூலக்கதை உங்களிடம் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். பட்டியல் போட்டு வாசலில் ஒட்டுங்கள்.

6. உங்கள் ஊர்க்காரர் எழுதியதை முன்னால் வையுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் வேலை கிடைத்திருந்தால் பாக்கியசாலி. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே இடைசெவல் கிராமத்துக்காரர்கள். பூமணி, சோ. தர்மன் எல்லாரும் அந்தக் கரிசல்தான். நீலகிரிக்குப் போகிறவர் 'குறிஞ்சித்தேன்' வைத்திருக்க வேண்டும். திண்டுக்கல்லில் டி. செல்வராஜின் 'தோல்', நாகர்கோவிலில் 'ஒரு புளியமரத்தின் கதை', கொங்குப் பகுதியில் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', தேங்காய்ப்பட்டணம் பக்கம் தோப்பில் முஹம்மது மீரான். தன் தெருவும் தன் பேச்சும் அச்சில் வந்திருப்பதைப் பார்க்கும் வாசகர் அந்தப் புத்தகத்தை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரும் உறுப்பினராக வருவார்.

அதற்காக ஊர்க் கதையோடு நிறுத்திவிடவும் கூடாது. கரிசல்காட்டு விவசாயிக்கு 'ஆழி சூழ் உலகு' கொடுங்கள். கடற்கரைக்காரருக்கு 'கோபல்ல கிராமம்' கொடுங்கள்.

7. ஆளைப் பார்த்துப் புத்தகத்தை முடிவு செய்யாதீர்கள்.

வேட்டி கட்டியவருக்கு வேளாண்மை, பெண்களுக்குச் சமையலும் கோலமும், தொப்பி போட்டவருக்கு அவர் மத நூல் என்று கை தானாகப் போகும். போகவிடாதீர்கள். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்த அருமையான புத்தகம். புதிதாகத் தனியாகத் தங்கி வேலைக்குப் போகும் ஆண்பிள்ளைக்கு அது மிகவும் பயன்படும். சுமை தூக்குகிறவர் கு. அழகிரிசாமியைப் பற்றி உங்களைவிட நன்றாகப் பேசக்கூடும். சாதி பற்றி எழுதப்பட்டவை, பாமாவின் 'கருக்கு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' போன்றவை, எல்லாச் சாதிக்காரர் கைக்கும் போக வேண்டியவை. யார் எந்தத் தெரு என்று பார்த்துக் கொடுக்கிற நூலகர் அந்தப் பணிக்குத் தகுதியில்லாதவர்.

8. யார் எதை எடுத்தார் என்று வெளியில் பேசாதீர்கள்.

விவாகரத்துச் சட்டம், மனநோய், குழந்தையின்மை, கடன் பற்றிய புத்தகங்களைத் தேடி வருகிறவர் ஏற்கெனவே மெல்லிய குரலில்தான் பேசுவார். நீங்களும் மெல்லப் பேசுங்கள். தலைப்பை உரக்கச் சொல்லி உதவியாளரிடம் எடுத்துவரச் சொல்லாதீர்கள். எழுந்து போய் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

9. போட்டித் தேர்வுப் பிள்ளைகள்.

இன்று உங்கள் நூலகத்தில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான். சொந்தப் பாடப் புத்தகத்தோடு காலையில் வந்து, மூடும்போது எழுந்து போவார்கள். நம் புத்தகம் ஒன்றையும் தொடமாட்டார்கள். அவர்களிடம் வாசிப்பின் பெருமையைப் பற்றிச் சொற்பொழிவு வேண்டாம். அவர்கள் தலையில் வயதும், வீட்டு நிலையும், அடுத்த அறிவிப்புத் தேதியும் உட்கார்ந்திருக்கின்றன. பத்துப் பக்கச் சிறுகதை ஒன்றைக் கொடுத்து, "சாப்பிட்டுட்டு இதைப் படிங்க, மனசு கொஞ்சம் லேசாகும்" என்று சொல்லுங்கள். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' போதும். பாடத்திட்டத்துக்கு உதவுவதாகவும் இருக்கட்டும் என்றால், விடுதலைப் போராட்டத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பவருக்குச் சி.சு. செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்', இலக்கிய வரலாற்றை வினா விடையாகப் படிப்பவருக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஏடு தேடி அவர் பட்ட பாட்டைப் படித்தவருக்குச் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் யார் என்பது ஆயுளுக்கும் மறக்காது. தேர்வில் தோற்று வருகிற அன்று அவர்கள் முதலில் வருவது வீட்டுக்கல்ல, பல நேரம் நூலகத்துக்குத்தான். அன்றைக்குப் புத்தகம் எதுவும் சிபாரிசு செய்ய வேண்டாம். ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

10. குழந்தைகளிடம் பழகுவதற்கு முன் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் படித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவரின் அன்பு, கேட்கத் தெரியாத ஒரு பையனை எப்படி விட்டுவிடுகிறது என்பதுதான் கதை. நம் மேசைக்கு எதிரே அப்படி ஒரு பையனோ பெண்ணோ தினமும் நிற்கிறார்கள். முண்டியடித்துக் கேட்கிற பிள்ளைக்கு எப்படியும் கிடைத்துவிடும். பின்னால் நிற்கிற பிள்ளையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த பள்ளியைச் சொல்லும் 'டோட்டோ-சான்' எல்லாம் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும். யாகவ் பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' பழைய பிரதி எங்காவது இருந்தால் கட்டுப் போட்டு வையுங்கள். கிழிந்துவிடும் என்று பூட்டி வைக்காதீர்கள். பிள்ளைகள் புத்தகம் கிழியத்தான் செய்யும்.

11. மொழிபெயர்ப்பு.

பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று முதல் சில பக்கத்திலேயே விட்டுவிடுவார்கள். அதனால் மனிதர்கள் யார் யார் என்று இரண்டு வாக்கியத்தில் நீங்களே சொல்லி அனுப்புங்கள். ஓய்வு பெற்ற கம்பவுண்டருக்கோ செவிலியருக்கோ தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. நாடி பிடித்துச் சாவை அறியும் பழைய வைத்தியரின் கதை அது. மீனவ ஊர்களில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த 'செம்மீன்'. பொறுமையும் நேரமும் உள்ளவருக்கு 'நீலகண்டப் பறவையைத் தேடி', க.நா.சு. மொழிபெயர்த்த 'மதகுரு'.

12. தேதிச் சீட்டைப் படியுங்கள்.

கூட்டமில்லாத பிற்பகலில் ஓர் அலமாரி முன் நின்று, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பின்னட்டை உள்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஒன்றில் ஊதா மை முத்திரை வரிசை வரிசையாக விழுந்து, சீட்டின் மேல் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு உங்கள் சிபாரிசு வேண்டாம். பக்கத்தில் இருப்பதில் ஒன்றிரண்டு முத்திரைதான் இருக்கும், அதுவும் மங்கிப்போய். தாள்கள் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கிடக்கும். அதை வெளியே எடுங்கள். அட்டையைத் துடைத்து, முதல் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்து, நல்ல நூல் என்று பட்டால் வாசலுக்கு நேரே ஒரு மேசை போட்டு அட்டை தெரியும்படி நிறுத்துங்கள். 'இது யாரைப் பற்றி, எதைப் பற்றி' என்று ஒரு துண்டுத்தாளில் மூன்று வரி எழுதிச் செருகுங்கள். ரங்கநாதனின் மூன்றாவது விதியை நடைமுறைப்படுத்த நான் அறிந்த வழிகளில் இதைவிடச் சுலபமானது இல்லை. கணினி வந்துவிட்ட நூலகத்தில் அச்சடித்த சீட்டு இருக்காது. இரவல் விவரத்தை நூல்வாரியாக எடுத்துப் பார்த்தால் அதே சேதி கிடைக்கும்.

13. ஒரே நேரத்தில் இரண்டு புத்தகத்துக்கு மேல் காட்டாதீர்கள். படிக்காமல் திருப்பித் தந்தால் காரணம் கேட்டு நெருக்காதீர்கள்.

14. நீங்கள் படியுங்கள்.

எல்லாவற்றையும் படிக்க முடியாது. புதிதாக வந்த ஒவ்வொரு நூலிலும் முன்னுரை, பொருளடக்கம், நடுவில் ஒரு பகுதி என்று பார்த்தாலே யாருக்கு ஆகும் என்று தெரிந்துவிடும். க.நா.சு.வின் 'படித்திருக்கிறீர்களா?' என்ற புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். ஒரு நூலைப் பற்றி, கதையை முழுதும் சொல்லிவிடாமல், படிக்கத் தூண்டும்படி நாலு வார்த்தை பேசுவது எப்படி என்று அதில் கற்றுக்கொள்ளலாம். வாசகர்கள் சொல்வதை எழுதிவைக்க ஒரு நோட்டு போடுங்கள். அடுத்து வருகிற நூலகருக்கு அதை விட்டுச் செல்லுங்கள்.

15. வாசகர் உங்களிடம் தயவு கேட்டு வரவில்லை.

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழி செய்தது அந்தச் சட்டம்தான். இன்றைக்கும் தமிழ்நாட்டில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி தனியாக இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். உங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு அவர் முன்பணம் கொடுத்துவிட்டார். அவர் வந்து நிற்கும்போது நாற்காலியை விட்டு எழுந்து, அலமாரி வரை அவரோடு நடந்து போங்கள்.